மதுரையிலிருந்து ஒரு சாப்பாட்டுச் சுற்று: பைக்கில் முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

முதல் தடவை இந்தச் சுற்றைப் போனபோது மதுரையில் காலை 6 மணிக்கே வண்டியை எடுத்துவிட்டேன். ஏழேகாலுக்கு விருதுநகர். பரோட்டாக் கல்லின் மேல் சாக்கு விரித்து மூடியிருந்தது. சரி என்று நாலு இட்லியைத் தின்றுவிட்டுக் கிளம்பினால், ஒன்பதரைக்கெல்லாம் திருநெல்வேலி டவுனில் நிற்கிறேன். அல்வாக் கடை பலகை போட்டு மூடிக் கிடந்தது. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா என்னையும் ஹெல்மெட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாயங்காலம் வாங்க தம்பி, அஞ்சரைக்கு மேல" என்றார். எட்டு மணி நேரம் யார் காத்திருப்பது? தென்காசிக்கு வண்டியை விட்டேன். பத்தேமுக்காலுக்கு அங்கே மாவைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். இனிப்பு வாங்கப் போய்ப் பாதியில் மழை. அன்றைக்கு 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஓட்டி நான் சாப்பிட்டது காலை இட்லியும், டீக்கடை பன்னும், யாரோ விற்ற மட்டமான பால்கோவாவும்தான்.

அதற்குப் பிறகு நாலு முறை போய்விட்டேன். பாதை, தூரம் எல்லாம் அதேதான். கிளம்பும் நேரம் மட்டும் மாறியது. கடையில் அடுப்பு எப்போது பற்றுகிறது என்று பார்த்து, அங்கிருந்து பின்னால் எண்ணி வண்டியை எடுத்தால் இந்தச் சுற்று அமையும். அதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

1. கடிகாரத்தை முதலில் எழுதுங்கள்

பாதை இதுதான்: மதுரை, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி, குற்றாலம், பிரானூர் பார்டர், ராஜபாளையம், திருவில்லிபுத்தூர், திரும்ப மதுரை. போகும்போது நான்குவழிச் சாலை, வரும்போது மலையை ஒட்டிய தென்காசி–ராஜபாளையம் சாலை. மொத்தம் 385 கிலோமீட்டர் சுமாருக்கு வரும். ஒரே நாளில் ஓட்டிவிடலாம். ஒரே நாளில் சாப்பிட முடியாது. இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் எங்கே என்றால், விருதுநகர் பரோட்டாவும் நெல்லை அல்வாவும் இரண்டுமே சாயங்காலச் சரக்கு. இரண்டுக்கும் நடுவே 100 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆகவே ஒன்றை மதியத்துக்குத் தள்ள வேண்டும். அல்வாவைத் தள்ள முடியாது. மதியமும் பரோட்டா போடும் கடைகள் விருதுநகரில் உண்டு, அதனால் பரோட்டா மதியத்துக்குப் போகிறது. முதல் நாள் இப்படி: காலை 11 மணிக்கு மதுரையில் கிளம்புவது, பன்னிரண்டரைக்கு விருதுநகர், இரண்டரைக்குச் சாத்தூர், மூன்றரைக்குக் கோவில்பட்டி, 5 மணிக்கு நெல்லை டவுன். 11 மணிக்குக் கிளம்புவதெல்லாம் ஒரு பயணமா என்று கூட வருகிற நண்பர் கேட்பார். கேட்கட்டும்.

மாதமும் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலத்தில் சீசன்; சாரலில் பரோட்டா தின்பது தனிச் சுகம்தான், ஆனால் அறை வாடகை ஏறும், சனி ஞாயிறில் அருவிக்கரையில் நிற்க இடமிருக்காது. அதே காலத்தில் இரண்டு தேரோட்டங்கள் வரும்: ஆனி மாதம் நெல்லையப்பர் கோயில் தேர், ஆடிப்பூரத்தில் ஆண்டாள் கோயில் தேர். இருட்டுக்கடை என்கிற அல்வாக் கடை இருப்பதே ரத வீதியில் என்பதால் ஆனித் தேர் நாளில் வண்டியோடு உள்ளே நுழைய வழியில்லை. நாட்காட்டியைப் பார்த்துவிட்டு லீவு போடுங்கள். எனக்குப் பிடித்தது புரட்டாசி. பாதிப் பேர் கறி தின்ன மாட்டார்கள், கடையில் உட்கார இடம் கிடைக்கும். ரம்ஜான் நோன்பு மாதத்தில் போவதாக இருந்தால் பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகளில் பகலில் எது திறந்திருக்கும் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ். இந்த நான்கும் டிஜிலாக்கரில் அல்லது எம்பரிவாகன் செயலியில் இருந்தால் போதும், சட்டப்படி செல்லும். ஆனால் போனில் எடுத்து வைத்த புகைப்படமோ ஸ்கிரீன்ஷாட்டோ செல்லாது. செயலியையே திறந்து காட்ட வேண்டும். மலையோரத்தில் சிக்னல் போய்விடும் என்பதால் கிளம்பும் முன்பே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். நான் உரிமத்தை அட்டையாகவே வைத்துக்கொள்கிறேன்.

எல்லாரும் கோட்டைவிடுவது புகைச் சான்றிதழில்தான். புது வண்டிக்கு முதல் ஒரு வருடம் தேவையில்லை, அதன்பின் தேவை. பெட்ரோல் பங்க் பக்கத்திலேயே பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். தமிழ்நாட்டில் ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய், இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் 2,000, உரிமம் இல்லாவிட்டால் 5,000 அபராதம். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். அந்த 1,000 ரூபாய்க்கு இரண்டு பேர் வயிறு முட்டச் சாப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டு மாட்டுங்கள்.

மதுரையில் வாடகைக்கு வண்டி எடுப்பதானால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் முறையான வாடகை வண்டி. வெள்ளைப் பலகை வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்; விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பது கஷ்டம். எடுக்கும்போதே வண்டியைச் சுற்றி வந்து ஒரு வீடியோ எடுங்கள். பழைய கீறலுக்கு என் முன்பணத்தில் 800 ரூபாய் பிடித்தவரிடம் காட்ட என்னிடம் அன்று ஒன்றுமில்லை.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் 460 கிலோமீட்டர் ஓட்டி வந்து மறுநாள் இதைத் தொடங்காதீர்கள். நடுவில் ஒரு நாள் ஓய்வு எடுங்கள். அல்லது வண்டியை ரயிலில் ஏற்றிவிடுங்கள்: ஆர்.சி. நகல், அடையாள அட்டை நகல், பெட்ரோல் இல்லாத டேங்க், சாக்கு சுற்றிய வண்டி, இவ்வளவும் வேண்டும். பார்சல் அலுவலகத்துக்கு ரயில் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்னால் போக வேண்டும்.

3. எவ்வளவு ஆகும்

நான் ஓட்டுவது லிட்டருக்கு 40 கிலோமீட்டர் தரும் வண்டி. பெட்ரோல் 1,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அறை சாதாரண நாளில் 1,000 முதல் 1,500. சாப்பாடு ஒருவருக்கு இரண்டு நாளைக்கும் சேர்த்து 1,200 வரை. வீட்டுக்கு வாங்கிப் போகும் பலகாரத்துக்கு 1,000 ஒதுக்கினேன், ஒவ்வொரு முறையும் தாண்டியது. ஆக 5,000 ரூபாய் கையில் இருந்தால் தாராளம். கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர் என்று சுங்கச்சாவடிகள் வரும். இருசக்கர வாகனத்துக்குக் கட்டணம் கிடையாது, இடது ஓரத்து வழியில் போய்விடலாம்.

ஜிபே எல்லா இடத்திலும் இருக்கிறது என்று நம்பிக் கிளம்பாதீர்கள். கூட்டம் நெரியும் கடையில், பின்னால் இருபது பேர் நிற்கும்போது உங்கள் போனில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால் சுற்றியுள்ளவர்கள் பார்க்கும் பார்வை சகிக்காது. 100, 50 ரூபாய்த் தாள்களாக 1,500 வைத்துக்கொள்ளுங்கள்.

4. விருதுநகர்: எண்ணெய்ப் பரோட்டா

நான்குவழிச் சாலை ஊரைத் தொட்டும் தொடாமலும் போகும். சாலையோரக் கடையில் நிறுத்தாமல் ஊருக்குள் நுழையுங்கள். பர்மா கடை என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். அது தவிரவும் நல்ல கடைகள் இருக்கின்றன. பகல் ஒரு மணிக்குள் இலை முன்னால் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டரைக்கு மேல் போனால் கல் ஆறிவிடும், அப்புறம் சாயங்காலம்தான்.

மாஸ்டர் நிற்கும் இடம் பெரும்பாலும் வாசலிலேயே இருக்கும். உட்காரும் முன் ஒரு நிமிடம் பாருங்கள். கல்லின் நடுவே குழிந்திருக்கும், அதில் எண்ணெய் தேங்கி நிற்கும். உள்ளங்கை அளவு மாவு வட்டங்களை ஓரத்தில் லேசாகச் சுட்டு, அப்படியே குழிக்குள் தள்ளுவார். அவை மிதந்து, குமிழ்விட்டு, பொன்னிறமாகும். கரண்டியால் அள்ளி மேட்டில் சாய்த்து எண்ணெயை வடியவிடுவார். இலைக்கு வரும்போது தொட்டால் ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

அதை அப்படியே கடித்துத் தின்பவர்களைப் பார்த்தாலே வெளியூர் என்று தெரிந்துவிடும். நன்றாக நொறுக்கிப் போட்டு, சால்னாவை மேலே ஊற்றச் சொல்லி, ஒரு நிமிடம் ஊறவிடுங்கள். அடியில் இருப்பது குழைந்து, மேலே இருப்பது இன்னும் மொறுமொறுவென்று இருக்கும் அந்த நேரத்தில் கையை வையுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று: பரோட்டா விலை குறைவு, சால்னாவுக்குக் காசில்லை, பில் ஏறுவது சுக்கா, ஈரல், கோழி என்று வரும் தட்டுகளில்தான். கேட்காமலே மேஜையில் கொண்டுவந்து வைத்தால், வேண்டாததை உடனே திருப்பி அனுப்புங்கள். தொட்டால் உங்கள் கணக்கு. இரண்டு: மூன்றுக்கு மேல் வேண்டாம். நான் ஆறு தின்றுவிட்டு வண்டியை எடுத்தேன். சாத்தூருக்கு முன்னால் எங்கோ, நேரான சாலை, மதிய வெயில், சீரான என்ஜின் சத்தம். கண் ஒரு நொடி மூடித் திறந்தபோது வண்டி வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இப்போதெல்லாம் சாப்பிட்டு முடித்து அரைமணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்து, ஒரு டீ குடித்துவிட்டுத்தான் சாவியைத் தொடுகிறேன். மேலே சொன்ன நேரக் கணக்கில் அந்த அரைமணியும் இருக்கிறது.

5. சாத்தூர், கோவில்பட்டி: வாங்குவதற்கு மட்டும்

சாத்தூரில் காரச்சேவு. சேவுக்கடைப் பலகை நான்குவழிச் சாலையிலேயே வரிசையாக வரும்; ஊருக்குள் போய், அன்றைக்குப் போட்டது எது என்று கேட்டு, ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். சிக்குப் பிடித்த எண்ணெய் வாசம் மூக்கிலேயே தெரியும். வெயில் காலமாக இருந்தால் கீறி மிளகாய்த்தூள் தடவிய வெள்ளரிக்காய் விற்பார்கள். பரோட்டா தின்ற வயிற்றுக்கு அதைவிட நல்லது இல்லை.

கோவில்பட்டியில் கடலை மிட்டாய். 2020இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, எந்த ஊரில் செய்ததற்கும் கோவில்பட்டிப் பெயரை ஒட்டுகிறார்கள். மேலே வண்ணத் தேங்காய்த் துருவல் தூவியிருப்பது இந்த ஊர் அடையாளம். நல்ல மிட்டாய் 'டக்' என்று உடையும், பல்லில் ஒட்டாது. பாக்கெட்டில் தயாரித்த தேதியைப் பாருங்கள்.

கோவில்பட்டி தாண்டி கயத்தாறு பக்கம் காற்றாலைகள் தெரியும். அவை வேகமாகச் சுற்றினால் பக்கவாட்டுக் காற்று உங்களையும் தள்ளும், முக்கியமாக லாரியைத் தாண்டி வெளியே வரும் கணத்தில். பின்னால் பெரிய மூட்டை கட்டியிருந்தால் இன்னும் மோசம். வேகத்தைக் குறைத்து, லாரிக்கும் உங்களுக்கும் நல்ல இடைவெளி விடுங்கள்.

6. திருநெல்வேலி: டவுனா, ஜங்ஷனா?

வெளியூர்க்காரர்கள் தவறுவது இங்கேதான். ஜங்ஷன், டவுன், பாளையங்கோட்டை மூன்றும் தனித்தனி. இருட்டுக்கடை இருப்பது டவுனில், நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, கீழ ரத வீதியில். ஜங்ஷன் பேருந்து நிலையத்தைச் சுற்றி நிறைய அல்வாக் கடைகள் இருக்கின்றன, நல்ல கடையும் உண்டு, பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைத்த கடையும் உண்டு. எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

5 மணிக்கு டவுன் போய்விட்டால், ரத வீதிக்குள் வண்டியைக் கொண்டுபோகாமல் வெளியே நிறுத்தி நடந்து வாருங்கள். கடை திறக்கும் முன்பே வரிசை தொடங்கிவிடும். முன்னால் நின்று சூடாக 100 கிராம் இலையில் வாங்கி, அங்கேயே ஓரமாக நின்று சாப்பிடுங்கள். வாயில் போட்டதும் வழுக்கிக்கொண்டு போகும், கையில் நெய் நிற்கும், கைக்குட்டையால் துடைத்தாலும் போகாது. பார்சலையும் அதே வரிசையில் வாங்கிவிடுங்கள். ஏழு மணிக்குத் திரும்ப வந்தால் தீர்ந்திருக்கலாம்.

அன்றிரவு நெல்லையிலேயே தங்கச் சொல்வேன். குற்றாலம் 60 கிலோமீட்டர்தானே, போய்விடலாம் என்று தோன்றும். இருட்டில், ஹெல்மெட் கண்ணாடியில் பூச்சி அப்பிக்கொண்டு, எதிர் வெளிச்சத்தில் ஓட்டிப் போய், சீசனில் அறை தேடுவது வீண் வேலை. அறைக்கு ஆதார் கேட்பார்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகல் போதும்.

7. பிரானூர் பார்டர்

காலை 7 மணிக்குக் கிளம்பினால் ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி வழியாக எட்டரைக்குக் குற்றாலம். தண்ணீர் விழுந்தால் குளியல். வெள்ளம் அதிகமாகிப் போலீஸ் தடுத்தால் வாதாடாமல் வேறு அருவி பாருங்கள். காலைச் சாப்பாட்டை இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். அருவியில் ஒரு மணி நேரம் நின்றவனுக்கு வரும் பசியை வீணாக்கக் கூடாது.

'பார்டர்' என்றதும் கூகுள் வரைபடத்தில் கேரள எல்லையைத் தேடி, செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை வரை போனவர்களை எனக்குத் தெரியும். சாப்பாட்டுப் பார்டர் அதற்கு முன்பே, தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே உள்ள பிரானூர். ரஹ்மத் கடையும் அதைச் சுற்றி மற்றவையும் அங்கேதான். இதே பெயர்களில் குற்றாலத்திலும் கடைகள் உண்டு.

பதினொன்றரைக்குப் போங்கள். பன்னிரண்டரைக்கு மேல், ஞாயிற்றுக்கிழமை என்றால், சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் அடுத்தவர் நின்றுகொண்டிருப்பார். இங்கே பரோட்டா விருதுநகர் மாதிரி இல்லை: மெத்தென்று, சிறியதாக, அடுக்கடுக்காகப் பிரியும். கூட நாட்டுக்கோழி அல்லது காடை. மிளகுக் காரம் மெதுவாக ஏறும். சட்டை நனைந்த பிறகுதான் தெரியும். இரண்டு பேர் போனால் ஒரு நாட்டுக்கோழித் தட்டும் ஒரு காடையும் பகிர்ந்துகொள்ளுங்கள், தனித்தனியாகச் சொன்னால் மிஞ்சும்.

8. திருவில்லிபுத்தூர் பால்கோவா

ஒரு மணிக்குக் கிளம்பினால் கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி, ராஜபாளையம் வழியாக மூன்றரைக்குத் திருவில்லிபுத்தூர். 85 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரமா என்றால், ஆமாம். இருவழிச் சாலை, கேரளாவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரிகள், ஊருக்கு ஊர் வேகத்தடை. அவசரப்பட்டு முந்தாதீர்கள்.

நான் முதல் தடவை ஏமாந்தது இங்கேதான். மழைக்கு ஒதுங்கிய கடையில் பளபளப்பான டப்பா ஒன்றை வாங்கினேன். வீட்டில் திறந்தால் மாவு வாசம். நல்ல பால்கோவாவில் பாலும் சீனியும் மட்டும்தான். வெள்ளையாக இருக்காது, லேசாகப் பழுத்த நிறம். விரலில் எடுத்தால் மணல்மணலாக, ஈரமாக இருக்கும், விறகடுப்பின் புகை வாசம் துளி தெரியும். சுவை பார்க்கத் தராத கடையில் வாங்காதீர்கள். ஆண்டாள் கோயில் பக்கம் பால் கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனையும் உண்டு. முதல்முறை வாங்குகிறவர்களுக்கு அது பாதுகாப்பான இடம்.

மூட்டை கட்டும் முறை: அல்வா அடியில், அதன் மேல் கடலை மிட்டாய், எல்லாவற்றுக்கும் மேலே காரச்சேவு. சேவை அடியில் வைத்தால் மதுரையில் சேவுப் பொடிதான் இறங்கும். பால்கோவா மட்டும் முதுகுப்பையில், துணி சுற்றி. சைலன்ஸர் பக்கம் தொங்கும் பையில் வைத்தீர்களானால் சூட்டில் கசிந்து மறுநாளே புளிக்கும்.

9. மதுரை இரவு

வழியில் எங்காவது சாலை வேலை நடந்தால் மாற்றுப்பாதை விட்டிருப்பார்கள். திருமங்கலம் வழியாக ஆறரை, ஏழுக்கு மதுரைக்குள் வந்துவிடலாம். முதலில் அறைக்குப் போய்ப் பலகாரத்தை இறக்கி வைத்துவிட்டு, ஆட்டோவில் சிம்மக்கல் போங்கள். வண்டி வேண்டாம், நிறுத்த இடம் கிடைக்காது. கோனார் கடையில் கறிதோசை: தோசை, மேலே முட்டை, அதன்மேல் கொத்திய கறியைப் பரப்பித் திருப்பிப் போட்டது. ஒன்றை இரண்டு பேர் பகிர்ந்தாலே போதும். பிறகு விளக்குத்தூண் பக்கம் நடந்து போய் ஜிகர்தண்டா. 'ஸ்பெஷலா, சாதாவா' என்று கேட்பார்கள். சாதா சொல்லுங்கள், இரண்டு நாள் தின்றதற்கு அதுவே அதிகம்.

வாடகை வண்டியை அன்றிரவே திருப்பித் தருவதானால், பெட்ரோல் அளவையும் வீடியோவில் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.